கண்மாய்க்கரையில் கல் பதிக்க வேண்டாம்

ஊராட்சிக்கும், கண்மாய்ப் பாசனதாரர்களுக்கும், ஐயனார் கோயில் காரியக்காரர்களுக்கும், ஊர் நகரத்தார் சங்கத்துக்கும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு ஊர் நல்லதுக்குப் பணம் அனுப்பும் அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

பஸ் நிறுத்தத்தில் கட்டியிருக்கும் பிளக்ஸை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘குடும்பத்தோடு நடந்து மகிழ இயற்கை நடைபாதை’ என்று தலைப்பு. குடிதண்ணிக் குளமான ஊருணியில் தொடங்கி, வயலுக்குத் தண்ணி விடும் கண்மாயின் கரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பேவர் பிளாக், இரண்டு பக்கமும் எவர்சில்வர் கம்பி, பத்தடிக்கு ஒரு சோலார் விளக்கு, உபரித் தண்ணி வழியும் கலுங்குக்குப் பக்கத்தில் செல்ஃபி எடுக்க இதயம் போட்ட வளைவு, நடுவில் சிமெண்டில் ஓர் ஒட்டகச்சிவிங்கி. நம் கண்மாய்க்கு ஒட்டகச்சிவிங்கி எந்த வருஷம் தண்ணி குடிக்க வந்தது என்று அம்பலகாரர் ஐயாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “கம்ப்யூட்டர்ல ரெடியா இருந்திச்சாம்ப்பா” என்றார்.

பாதை வேண்டும் என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சொல்லப்போனால், இந்த ஊரில் அப்படி ஒரு பாதை வேண்டும் என்று ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டு இருப்பவன் நான்தான். ஆனால் அந்தப் பாதை ஏற்கெனவே இருக்கிறது. அதை முள் வெட்டித் துலக்கினால் போதும். அதன்மேல் கல்லைப் பதித்தால் பாதையும் போகும், கரையும் போகும், பார்க்க வந்த பறவையும் போகும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னைத் தெரியாத வெளியூர் அண்ணன்மாருக்காக ஒரு வரி. நான் கார் ஓட்டுகிறேன். 19 வருஷமாக, செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிறவர்களைக் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று சுற்றிக்காட்டுவது என் தொழில். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

போன தை மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, ஒன்பது வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண், மூட்டுவலியோடு ஒரு பாட்டி. முதல் வீட்டில் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இரண்டாவது வீட்டில் தூணைக் கட்டிக்கொண்டு சுற்றினார்கள். மூன்றாவது வீட்டின் முகப்பில் அந்தச் சின்னப் பெண் தரையில் படுத்துவிட்டது. “இன்னும் எத்தனை தூணுப்பா இருக்கு?” என்று கேட்டது. அவ அம்மாவுக்குச் சங்கடம். எனக்குச் சிரிப்பு. நியாயமான கேள்விதானே? ஐந்து வயதுக் குழந்தைக்கு எத்தனை தூணைக் காட்டுவது?

சரி, கொஞ்சம் காற்றாட நடக்கலாம் என்று நம் ஊருணிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். அப்புறம் நடந்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஊருணிப் படித்துறையில் உட்கார்ந்து அந்தப் பையனிடம் ஒன்று சொன்னேன். “நீ பாத்த வீட்டுல நடுவுல வாசல் திறந்து இருந்துச்சே, மழை பெஞ்சா தண்ணி அதுக்குள்ளதான் விழும். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் அங்கதான் ஊத்தும். அண்டாவுல புடிச்சது போக மிச்சம் வடிகால் வழியாத் தெருவுக்கு வரும். தெருவுல இருந்து இந்த ஊருணிக்கு வரும். ஊருணி நெறஞ்சா அந்தக் கால்வாய் வழியாக் கண்மாய்க்குப் போகும்.” பையன் எழுந்து நின்றான். “அப்போ அந்தத் தண்ணி பின்னாடியே போலாமா?” என்றான்.

போனோம். பாதை என்றால் அதுதான். தண்ணிக்குப் பின்னாலேயே போவது. பெரிய வீடுகளைக் கட்டியவர்களே இந்த ஊருணியையும் வெட்டினார்கள், செம்புராங்கல்லில் சுவர் எடுத்தார்கள், தண்ணி வந்து சேர வரத்துக்கால் போட்டார்கள். 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் ஏறியபோது நாம் எல்லோரும் வீட்டை மட்டும் நினைத்துச் சந்தோஷப்பட்டோம். அந்த வீடுகள் இந்த வறண்ட சீமையில் நின்றதே இந்தத் தண்ணீர் ஏற்பாட்டை நம்பித்தான். ஆற்றுப் பாசனம் இல்லாத ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கக் குடித்தாக வேண்டும் என்றால் ஒரு சொட்டையும் வழி தவற விட முடியாது.

ஊருணியிலிருந்து வரத்துக்கால் ஓரமாக நடந்தால் கண்மாய்க்கரை ஏறும் இடம் வரும். ஏற்றம் என்றால் பெரிய ஏற்றம் இல்லை, மாட்டு வண்டி ஏறுகிற சரிவு. பாட்டியை ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டோம். கரைமேல் ஏறியதும் ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயல். இரண்டுக்கும் நடுவில் பனை வரிசை. அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த அப்பாக்காரர் போனைப் பையில் போட்டார்.

வயலுக்குத் தண்ணி திறந்துவிடும் முதல் மடைக்குப் பக்கத்தில் சின்னப் பெண் நின்றுவிட்டது. கரையோரச் சேற்றில் ஒன்றும் இல்லை, வெறும் மண். அது ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது. மண்ணில் ஒரு துண்டு விசுக்கென்று வெள்ளையாகப் பறந்தது. குழந்தை ‘வீல்’ என்று கத்தி, அப்புறம் கைதட்டி, “மண்ணு பறந்துச்சு! மண்ணு வெள்ளையாப் பறந்துச்சு!” என்றது. மடையான் கொக்குதான். உட்கார்ந்திருந்தால் முதுகெல்லாம் மண் நிறம், சிறகை விரித்தால் தும்பைப் பூ. மடை வாயில் அசையாமல் நிற்பதால்தான் அதற்கு மடையான் என்று பெயர் என்று எங்கள் அப்பா சொல்வார். அந்தப் பிள்ளை அப்புறம் ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று மண்ணை முறைத்துப் பார்த்துக்கொண்டே வந்தது. இன்னும் மூன்று பறந்தன.

கலுங்குக்கு வந்தோம். பாட்டி கலுங்குச் சுவரில் உட்கார்ந்தார். உபரித் தண்ணி கொஞ்சமாக வழிந்துகொண்டு இருந்தது. கீழே ஓடைச் சேற்றில் ஒரு நத்தைகுத்தி நாரை, எங்களுக்கு முப்பதடி தூரத்தில். அது மூக்கைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவி ஒரு நத்தையை எடுத்தது. ஓட்டை உடைக்கவில்லை. கீழ் அலகின் நுனியை நத்தையின் வாய்க்குள் நுழைத்து என்னமோ செய்தது, தலையை ஓர் ஆட்டு ஆட்டியது, சதை மட்டும் வெளியே வந்தது. ஓடு முழுசாகக் கீழே கிடந்தது. பையன் இறங்கிப் போய் அந்த ஓட்டை எடுத்து வந்து காதில் வைத்துப் பார்த்தான். “ஏன் அதோட வாய் மூட மாட்டேங்குது?” என்று கேட்டான். அந்த நாரைக்கு இரண்டு அலகுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். இதைச் சொன்னதும், “எனக்குப் பல்லு விழுந்து வந்த மாதிரியா?” என்றான். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் சொல்லிவைத்திருந்தோம். ஒரு மணி நேரம் தாமதமாகப் போனோம். சுக்கா ஆறிப்போயிருந்தது. மெஸ் அக்கா திட்டினார். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த அம்மா எனக்குப் போன் செய்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் செட்டிநாட்டு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மண் பறந்ததைத்தான் சொன்னார்கள் என்றார். வீடு காட்டிப் பிழைக்கிறவனுக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது!

இப்போது பிளக்ஸில் இருக்கும் படத்தை அந்தக் கரைமேல் வைத்துப் பாருங்கள்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பாசனதாரர்கள் இதை நான் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். கண்மாய்க்கரை என்பது மண். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் அமுங்கும், கொஞ்சம் கரையும், நண்டு வளை போடும், எலி பொந்து வைக்கும். மழைக்கு முன்னால் கரையில் ஒரு நடை நடந்து, எங்கே பொந்து, எங்கே கசிவு என்று பார்த்து மண் போட்டு மிதிப்பது நம் பெரியவர்கள் வழக்கம். மேலே பேவர் பிளாக் போட்டுவிட்டால் பொந்து எப்படிக் கண்ணில் படும்? கல்லுக்கு அடியில் மண் போய்க்கொண்டே இருக்கும், மேலே பார்த்தால் பளபள என்று இருக்கும், ஒரு நாள் ராத்திரி மொத்தமாக உட்காரும். கரை உடைகிற ராத்திரியில் நாம் மண்வெட்டியோடு ஓடுவோம். கல்லைப் பெயர்த்துவிட்டு மண் எடுக்கிற நேரமா அது? அந்தக் கம்பி வேலியைத் தாண்டி மாடு எப்படித் தண்ணிக்கு இறங்கும், மீன்பிடித் திருவிழா அன்று ஊத்தா என்ற மீன்பிடி கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு ஊர் சனம் எந்த வழியாகக் கண்மாயின் உட்பக்கமான உள்வாய்க்கு இறங்கும், அதையும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

வெயில் இன்னொன்று. பங்குனி வெயிலில் பேவர் பிளாக்மேல் வெறுங்காலோடு ஒரு பிள்ளையை நிற்க வைத்துப் பாருங்கள். செம்மண்ணும் சூடாகும், ஆனால் அந்த அளவுக்குச் சுடாது.

விளக்கு வேண்டவே வேண்டாம். பகலில் பனை மட்டையில் தூங்கிவிட்டுப் பொழுது சாய்ந்ததும் ‘குவாக், குவாக்’ என்று கத்திக்கொண்டு கிளம்பும் வக்காவுக்கு ராத்திரிதான் சாப்பாட்டு நேரம். கருவ மரத்தில் அடைகிற கொக்குக் கூட்டத்துக்கு இருட்டுதான் கதவு. அந்தக் கதவைப் பிடுங்கிவிட்டால் அது வேறு கண்மாய் பார்த்துப் போய்விடும். அப்புறம் நாம் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அதோடு, ராத்திரியில் குடும்பத்தோடு கண்மாய்க்கரையில் நடக்க நாம் யாருமே விரும்பமாட்டோம். கட்டுவிரியன் வெளியே வருகிற நேரம் அது.

ஊருணிச் சுவர் கதை உங்களுக்கே தெரியும். பக்கத்து ஊர் ஒன்றில் ஊருணியைச் சுற்றிச் சிமெண்டுச் சுவர் கட்டி, உள்ளே நடைபாதை போட்டு, திறப்பு விழா எல்லாம் பிரமாதமாக நடந்தது. பெயர் எதற்கு, அவர்கள் ஏற்கெனவே நொந்துபோய் இருக்கிறார்கள். மழை வந்தது. தண்ணி சுவருக்கு வெளியே நின்றது. வரத்துக்கால் வந்து சேரும் வாயைச் சுவருக்குள் அடைத்துவிட்டார்கள். இப்போது போர் போட்டு மோட்டார் வைத்து ஊருணியை நிரப்புகிறார்கள். நம் ஊருணியில் கல்தூண் நட்டு, காலை நனைக்காமல் குடத்தை மட்டும் முக்கி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தண்ணியைக் குடித்து வளர்ந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுச் சுவர் கட்டலாம்.

வேட்டங்குடியைப் பாருங்கள் என்று சொல்வேன். திருப்பத்தூருக்குப் பக்கத்தில், நமக்குக் காரில் கொஞ்ச நேரத் தூரம்தான். 1977-ல் சரணாலயம் ஆனது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய், மொத்தமே 38.4 ஹெக்டேர். அவ்வளவு சின்ன இடத்துக்கு மழைக்காலம் முடிந்ததும் நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் பாம்புத்தாராவும் வந்து கூடு கட்டுகின்றன என்றால் அதற்குக் காரணம் கட்டடம் இல்லை. அந்த ஊர்ச்சனம் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பத்து இருபது வருஷமாக இல்லை, அதற்கும் மேலாக. தீபாவளிக்கு வனத்துறைக்காரர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து மரியாதை செய்கிறார்கள். சிவகாசிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு பிள்ளையை வெடி கேட்காமல் இருக்க வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று வீட்டில் பிள்ளை இருக்கிறவர்களுக்குத் தெரியும். நாமும் அப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கண்மாய்ப் பக்கம் மட்டும் வெடிக்காமல் இருந்தாலே போதும்.

அடுத்து ஐயனார் காடு. இங்கேதான் காரியக்காரர்களுக்கு என்மேல் கோபம் வரும் என்று தெரியும்.

கலுங்கு ஓடையைத் தாண்டினால் பாதை காட்டு ஓரமாகத்தான் வந்தாக வேண்டும். வீரை, காயா, காட்டெலுமிச்சை, பாலை, நாவல் என்று நட்டு வைக்காத மரங்கள். நம் ஊரைச் சுற்றிப் பத்து மைலுக்கு இப்படி ஒரு பச்சை இல்லை. தைலமரத் தோப்பைக் காடு என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை அதற்குள் போய் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அப்புறம் இங்கே வந்து கேட்கட்டும். இங்கே தவிட்டுக்குருவி ஏழெட்டுச் சேர்ந்து சண்டை போடும், செம்போத்து ‘ஊப் ஊப்’ என்று எங்கிருந்தோ கூப்பிடும், சருகுக்குள் அரணை ஓடும். இந்தக் காட்டில் ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது என்று சாமி பேரைச் சொல்லி வைத்த கட்டுப்பாடு, எந்தக் காவலாளியும் செய்யாத காவல்.

அதனால் பாதை காட்டுக்குள் போக வேண்டாம். சாமிக்கு வைத்த மண்குதிரைப் புரவிகள் நிற்கிற எல்லையோடு நிற்கட்டும். செருப்போடு உள்ளே போகக்கூடாது என்பது நம் வழக்கம், வெளியூர்ப் பிள்ளையைச் செருப்பில்லாமல் முள்ளில் நடக்கச் சொல்வதும் பாவம். வெளியே நின்று பார்ப்பதற்கே நிறைய இருக்கிறது. பழைய புரவி எடுப்பில் வைத்த மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன, சிலதுக்குக் காது இல்லை, சிலதுக்குக் கால் இல்லை, ஒன்றின் வயிற்றுக்குள் தேனீ கூடு கட்டியிருக்கிறது. கோவைப் பையன் அந்தக் குதிரை வயிற்றைப் பார்த்துவிட்டு, “இது உயிரோட இருக்கு” என்று தங்கச்சியிடம் ரகசியமாகச் சொன்னான். அதைப் பெயிண்ட் அடித்துப் புதுசாக்கிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கும்பிடப் போகிறவர்கள் எப்போதும்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகட்டும்.

இன்னொன்று, சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. சில ஊர்களில் கோயிலுக்குத் தகரக்கொட்டகை, அப்புறம் டைல்ஸ், அப்புறம் கல்யாண மண்டபம் என்று வந்து, நாலு ஏக்கர் காடு நாலு மரமாகிவிட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நடைபாதைக்கு ஒதுக்கிய காசில் ‘அப்படியே கோயிலையும் அழகுபடுத்திவிடலாம்’ என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். திருவிழாவுக்கு முன்னால் சருகைக் கூட்டிக் கொளுத்துவதையும் நிறுத்தலாம். அந்தச் சருகுதான் காட்டுக்குச் சோறு.

காட்டிலிருந்து திரும்ப வண்டிப்பாதை. ஓரத்தில் நாலு இலுப்பை நிற்கிறது. மாசி, பங்குனியில் விடியற்காலை போனால் தரை முழுக்க வெளுத்த பூ உதிர்ந்து கிடக்கும், ராத்திரி வௌவால் தின்று போட்ட மிச்சம். வாசனை தெருமுனை வரை வரும். இலுப்பைக்குடி, வேலங்குடி, பிள்ளையார்பட்டியின் பழைய பேரான மருதங்குடி என்று நம் சீமையில் மரத்தின் பேரில் ஊர் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அந்த மரத்தைக் காட்ட வேண்டாமா?

மொத்தம் சுற்றி வர என் போன் 2 கிலோமீட்டர் 300 மீட்டர் காட்டுகிறது. பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. நின்று நின்று பார்த்துக்கொண்டு வந்தாலும் இரண்டு மணி நேரம்தான். முடியாதவர்கள் ஊருணியிலிருந்து முதல் மடை வரை வந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். அதுவே பாதி சந்தோஷம்.

சரி, இதில் ஒரு சங்கடமும் இல்லையா என்றால், இருக்கிறது. கண்மாய்க்கரைக்கு விடியற்காலையில் நாம் எதற்குப் போவோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்த பிறகும் சில பேருக்குக் காற்றோட்டம் இல்லாமல் முடியவில்லை. இரண்டாவது மடைக்கும் கலுங்குக்கும் நடுவில் அந்தக் கோயம்புத்தூர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார், எனக்குத் தலை குனிந்துவிட்டது. புளியமரத்தடியில் உடைந்த பாட்டில் கிடக்கிறது. சின்னப் பிள்ளை கால் வைக்கிற இடம். கல் பதிக்கிற காசில் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், ஊர்ச்சனமும் வருகிறவர்களும் போகிற மாதிரி, தண்ணி வருகிற கழிப்பறை இரண்டு கட்டுங்கள்.

இதைவிட முக்கியம் பள்ளம். சவுடு மண் எடுக்கிறோம் என்று உள்வாயில் ஜேசிபி வைத்துத் தோண்டிய இடங்கள் தண்ணி நிறைந்ததும் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் தண்ணி என்று இறங்குகிறவனுக்கு அடுத்த அடி இரண்டு ஆள் ஆழம். மடைக்குழியும் அப்படித்தான். வெளியூர்ப் பிள்ளைக்கு என்ன தெரியும், நம் ஊர்ப் பிள்ளைக்கே தெரிவதில்லை. கம்பி போடத்தான் வேண்டும் என்றால் அந்த இடங்களில் மட்டும் போடுங்கள், சிவப்பு வர்ணம் அடித்த கல் நட்டு வையுங்கள். வருஷா வருஷம் தண்ணி வற்றும்போது அந்தக் குழிகளின் ஓரத்தைச் சரித்துவிட்டால் இன்னும் நல்லது.

பெண்கள் குளிக்கிற படித்துறைக்குப் பக்கத்தில் பாதை போகக்கூடாது. இப்போது இருக்கும் ஒற்றையடிப்பாதை அதை ஒட்டித்தான் போகிறது. அந்த இடத்தில் மட்டும் கரையின் வெளிப்பக்கம், பனைக்குக் கீழே இறக்கி, கொஞ்ச தூரம் தள்ளி ஏற்றிவிடலாம். கேமராவோடு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறவன். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

சீமைக்கருவை பற்றிக் கேட்பீர்கள். பாதை ஓரம் இருப்பதை வெட்டியே ஆகணும். அதன் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும், எனக்கு ஏறியிருக்கிறது. ஆனால் உள்வாயின் வடமூலையில் கொக்கு அடைகிற அந்த இடத்தை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். கூடு கட்டுகிற பறவைக்கு நாட்டுக்கருவை, சீமைக்கருவை என்ற பேதம் இல்லை, தண்ணிக்கு நடுவில் நிற்கிற மரம்தான் கணக்கு. முதலில் நாட்டுக்கருவையும் நீர்மருதையும் நட்டு, அவை ஆளுயரம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அதுவும் சித்திரை, வைகாசியில், கூடு காலியாக இருக்கும்போது.

இதற்கெல்லாம் யார் அனுமதி என்று சுற்ற வேண்டியதில்லை. ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால்தான் பொதுப்பணித்துறை வழிவந்த கண்மாய். நம்முடையது அதற்குக் கீழே, ஒன்றியத்துக் கண்மாய். கிராம சபையில் தீர்மானம் போட்டு ஒன்றியத்துக்கு அனுப்பினால் மரியாதையாகக் கேட்பார்கள். முள் வெட்ட, வரத்துக்கால் தூர் எடுக்க, கரைக்கு மண் போட ஊரக வேலைத் திட்டத்தில் கேட்கலாம். உட்கார நாற்காலி வாங்க வேண்டாம். இடிந்த வீடுகளின் கல்தூணும் படிக்கல்லும் தெருவுக்குத் தெரு கிடக்கின்றன. அந்தந்த வீட்டு ஆச்சிமார் மனது வைத்துக் கொடுத்தால் இரண்டு கல்லுக்குமேல் ஒரு கல், திண்ணை ரெடி. அவர்கள் வீட்டுப் பேரை அதில் வெட்டிக்கொள்ளட்டும், செல்ஃபி வளைவைவிட அது நூறு வருஷம் கூட நிற்கும்.

அறிவிப்புப் பலகை ஊருணியில் ஒன்று மட்டும் போதும். அதில் வரைபடம் இருக்கட்டும், நம் வாயில் வருகிற பேர் இருக்கட்டும். மடையான், வக்கா, முக்குளிப்பான், நீர்க்காகம், தாழைக்கோழி, ஆள்காட்டி. மற்ற இடங்களில் பலகைக்குப் பதில் பிள்ளைகள். நம் ஊர்ப் பள்ளியில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறவர்களுக்கு இரண்டு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை அவர்கள் கூட்டிப் போகட்டும். கூலி வருகிறவர்கள் கொடுப்பார்கள், நான் வாங்கித் தருகிறேன். கண்மாய் வற்றிய காலத்திலும் பனங்காட்டில் நுங்கு வெட்டுகிறவர் ஒருவர் இருந்தால் போதும், குடும்பம் அரை நாள் இருக்கும். அரை நாள் இருந்தால் மெஸ்ஸில் சாப்பிடும். என் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

பிளக்ஸில் போட்டிருக்கும் தொகையில் இதற்குக் கால்வாசிகூட ஆகாது. மிச்சத்தைக் கலுங்குச் சுவர் விரிசலுக்குப் போடுங்கள். அந்த விரிசல் போன வருஷத்தைவிட இந்த வருஷம் ஒரு விரல் அகலம் கூடியிருக்கிறது.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைப் பேச எனக்கு ஐந்து நிமிஷம் வேண்டும். பேச்சில் சொன்னால் புரியாது என்று நினைக்கிறவர்களுக்காக, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊருணிப் படித்துறையில் நிற்பேன். பேரன் பேத்தி இருந்தால் கூட்டி வாருங்கள். வடமூலையில் முள் இன்னும் வெட்டவில்லை, அதனால் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். திரும்பி வரும்போது டீ என் செலவு.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் கார் டிரைவர்